மறுமணம் செய்துகொள்ளாத தங்கைக்குக் கல்யாணம்

1

சித்தூரில் இருந்தவரை எனக்கு நாட்கள் கிழமையால் தெரிந்தன. பேர்த் நகரத்தில் குப்பைத் தொட்டியின் மூடி நிறத்தால் தெரிகின்றன. எந்த வாரம் சிவப்பு மூடி, எந்த வாரம் மஞ்சள் மூடி என்று நகராட்சி ஓர் அட்டவணை அனுப்புகிறது. எங்கள் வீட்டில் அதை முழுக்கப் படித்தவன் நான் ஒருவன்தான். முன்பெல்லாம் மகனும் மருமகளும் பக்கத்து வீட்டு வாசலைப் பார்த்துவிட்டு அதே நிறத் தொட்டியை வெளியே தள்ளுவார்கள். இப்போது பக்கத்து வீட்டுக்காரர் என்னைப் பார்த்துத் தள்ளுகிறார். ஆஸ்திரேலியாவுக்கு வந்து இத்தனை நாளில் நான் ஆற்றிய பொதுச்சேவை இதுதான்.

ஊரில் இருக்கும் உங்களில் பலருக்கு என்னை மறந்திருக்கும். சித்தூர்ப் பக்கத்துக் கருவூலங்களில் எழுத்தராகச் சேர்ந்து உதவிக் கருவூல அலுவலராக ஓய்வு பெற்றவன். உங்கள் வீட்டில் யாராவது அரசு ஓய்வூதியம் வாங்கியிருந்தால், அவருடைய விண்ணப்பத்தை ஒரு தடவையாவது நான் திருப்பி அனுப்பியிருப்பேன். அதற்காக இப்போதும் வருத்தப்படவில்லை. மூன்றாவது இணைப்பு இல்லாமல் அனுப்பினால் வேறு என்ன செய்வது.

போன மாதம் பேத்தி இனியா பள்ளியிலிருந்து ஒரு தாள் கொண்டுவந்தாள். அவளுக்கு ஏழு வயது. ஆங்கிலச் சொற்களின் தலையில் ஒட்டிக்கொண்டு அவற்றின் பொருளைக் கவிழ்த்துவிடும் துண்டுகளைப் பற்றிய பாடம். அன், இன், டிஸ், மிஸ் என்று ஒரு சிறு கும்பல். ஹேப்பி என்றால் மகிழ்ச்சி; முன்னால் ஓர் அன் வந்து நின்றால் மகிழ்ச்சி போயிற்று. இப்படி இருபது சொற்கள். துண்டைச் சுற்றி வட்டம் போட்டு, எதிரே பொருள் எழுத வேண்டும். அடியில் ஒரு கோடு: பிள்ளை படிக்கக் கேட்ட பெரியவரின் கையெழுத்து.

நான் கோட்டைப் பார்த்தேன், கையெழுத்துப் போட்டேன். பழக்கம். இரண்டு நாள் கழித்து ஆசிரியை ஒரு சிரிக்கும் முகம் வரைந்து தாளைத் திருப்பி அனுப்பியிருந்தார். 'நீங்களே ஒரு சொல் எழுதுங்கள்' என்ற இடத்தில் இனியா இந்தியா என்று ஆங்கிலத்தில் எழுதி, முதல் இரண்டு எழுத்தைச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறாள். எதிரே பொருள்: டியா இல்லாதது. கீழே என் கையெழுத்து.

"டியான்னா என்னம்மா?" என்று கேட்டேன்.

"தெரியாது தாத்தா. அது அங்க இல்ல. அவ்ளோதான்."

அன்றிலிருந்து வீட்டில் தமிழுக்கும் அந்தத் துண்டுகள் ஒட்ட ஆரம்பித்தன. உப்புமா வைத்தால் "எனக்கு இது அன்-பிடிக்கும்." பள்ளியிலிருந்து வந்ததும் "ஷூவ அன்-போடு தாத்தா." மருமகள் முகம் சுருங்கியது. "மாமா, இவ தமிழ் இப்படியே கெட்டுப்போயிடும்" என்றாள். எனக்கென்னவோ சிக்கனமாகத்தான் பட்டது. நம் மொழியில் மறுப்பு வாலில் இருக்கிறது. ஆளை முழுக்கப் பேசவிட்டு, ஆசையெல்லாம் சொல்லி முடித்த பிறகு 'இல்லை' என்று ஒன்றைச் சேர்க்கிறோம். ஆங்கிலம் வாசலிலேயே பலகையை மாட்டிவிடுகிறது. கவுண்டருக்குப் பின்னால் உட்காருபவனுக்கு ஆங்கிலம்தான் வசதி.

2

இருபது சொற்கள் போதாது. என்னைக் கேட்டிருந்தால் இருநூறு கொடுத்திருப்பேன். அதுவும் அகராதியில் கிடைக்காத பொருளோடு.

இர்ரெகுலர் என்றால் ஒழுங்கற்றது என்று இனியாவின் தாள் சொல்கிறது. தணிக்கைக் குறிப்பில் அந்தச் சொல் வந்தால், பணம் போயிருக்கிறது, எடுத்தவர் நமக்கு மேலே இருக்கிறார் என்று பொருள். எடுத்தவர் கீழே இருந்தால் அதே காரியத்துக்கு மிஸ்அப்ரோப்ரியேஷன், அதாவது கையாடல், என்று பெயர். அன்அவாய்டபிள் என்றால், தவிர்க்க யாரும் முயலவில்லை. இனி உதவாது என்பதற்கு அன்சர்வீசபிள் என்று எழுதி நாங்கள் ஏலம் விட்ட நாற்காலிகளில் ஒன்றை மறுவாரமே ஒரு டீக்கடையில் பார்த்தேன். உட்கார்ந்தும் பார்த்தேன். அலுவலகத்தில் மிச்சம் இருந்தவற்றைவிட அது நன்றாக இருந்தது. இன்ஃப்ரக்சுவஸ் என்று ஒரு சொல், பலன் தராத செலவுக்கு. தணிக்கைக்காரர்களுக்கு அதன்மேல் தனிப் பிரியம். இங்கே பக்கத்து வீட்டுக்காரரிடம் பேச்சுவாக்கில் அதைச் சொன்னபோது, ஏதோ வயிற்று நோய் என்று நினைத்து அனுதாபப்பட்டார்.

இந்தக் கூட்டத்துக்கெல்லாம் தலைவி ஒருத்தி உண்டு: நான்-ரீமேரேஜ் சர்ட்டிபிகேட். கணவனை இழந்து குடும்ப ஓய்வூதியம் வாங்கும் பெண், தான் மறுமணம் செய்துகொள்ளவில்லை என்று வருடத்துக்கு ஒரு முறை எழுதிக் கொடுக்க வேண்டும். செய்துகொண்டால் ஓய்வூதியம் நின்றுவிடும். வருடத் தொடக்கத்தில் எங்கள் வராந்தாவில் அதற்கு ஒரு வரிசை நிற்கும். பெரும்பாலும் எழுபதைத் தாண்டியவர்கள். கார்வேட்டிநகரத்திலிருந்து பஸ் பிடித்து வரும் ஒரு அம்மாள் பல் இல்லாத வாயால் சிரித்துக்கொண்டே படிவத்தை நீட்டுவார். "இந்த வருசமும் எவனும் வந்து கேக்கல சார். எழுதிக்கோ" என்பார். வரிசை முழுக்கச் சிரிக்கும். நான் மட்டும் முகத்தை இறுக்கிக்கொண்டு முத்திரை குத்துவேன்.

தன் சொந்த ஓய்வூதியம் வாங்கும் ஆண் மனைவியை இழந்து மறுமணம் செய்துகொண்டால் என்ன ஆகும் என்று நீங்கள் கேட்கலாம். அதற்கும் ஒரு படிவம் உண்டு. புது மனைவியின் பெயரைச் சேர்க்க.

3

என் தங்கை கோமளா திருப்பதியில் இருக்கிறாள். அவள் கணவர் அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார். இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. ஒரே மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். நான் விமானம் ஏறி வேறு நாட்டுக்குக் குடிபோனேன். ஆந்திரத்தில் சித்தூர் மாவட்டத்தைப் பிரித்ததில் கோமளா வீட்டை விட்டு நகராமலே வேறு மாவட்டத்துக்குக் குடிபோய்விட்டாள். ஆனால் அவளுடைய குடும்ப ஓய்வூதியம் நான் கடைசியாக வேலை பார்த்த கருவூலத்திலேயே தங்கிவிட்டது. அது எந்த ஊர் என்று எழுதமாட்டேன். சித்தூரிலிருந்து திருப்பதி போகும் பஸ் நிற்கிற ஊர்களில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உயிரோடு இருப்பதை நிரூபிக்க இப்போது கைபேசியில் முகத்தைக் காட்டினால் போதும். அந்தச் செயலி உயிரைக் கண்டுபிடித்துவிடுகிறது. கல்யாணத்தைக் கண்டுபிடிக்க அதற்குத் தெரியவில்லை. ஆகவே கோமளாவுக்கு இன்னும் காகிதம்தான். நான் சித்தூரில் இருந்தவரை வருடா வருடம் நானே எழுதி, அவளிடம் கையெழுத்து வாங்கி, நானே கொண்டுபோய்க் கொடுப்பேன்.

பேர்த்துக்குக் கிளம்பும்போது அவளுக்குச் சிரமம் வைக்கக் கூடாது என்று ஒரு ஏற்பாடு செய்தேன். நான்கு வெற்றுப் படிவங்களில், தேதி போடாமல், அவளிடம் கையெழுத்து வாங்கினேன். முனிரத்தினத்திடம் கொடுத்தேன். முனிரத்தினம் எனக்குக் கீழே வேலை பார்த்தவர், அந்த அலுவலகத்தில் இன்னும் இருக்கிறார். வருடத்துக்கு ஒன்றாக எடுத்து, தேதி போட்டு, கோப்பில் சேர்த்துவிடுங்கள் என்றேன்.

இது எவ்வளவு பெரிய தவறு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கியதற்காக ஒரு எழுத்தரை நான் இடைநீக்கத்துக்குப் பரிந்துரைத்திருக்கிறேன். ஆனால் விதிகள் தெரியாதவர்கள் மீறுவது வேறு, தெரிந்தவன் மீறுவது வேறு என்று அந்தக் காலத்தில் எனக்கு ஓர் எண்ணம் இருந்தது.

இரண்டு வருடம் ஏற்பாடு கச்சிதமாக நடந்தது.

4

இந்த வருடம் ஒரு புதன்கிழமை. இங்கே மதியம் இரண்டு மணி, அங்கே பதினொன்றரை. கோமளா கூப்பிட்டாள்.

"அண்ணா, துன்னுட்டியா?"

ஆஸ்திரேலியா வந்த பிறகு என்னிடம் அந்தச் சொல்லைச் சொல்பவள் அவள் ஒருத்திதான். "ஆச்சும்மா. சொல்லு."

"போன வியாழக்கிழமை எனக்குக் கல்யாணம் ஆச்சு."

யாருக்கு என்று கேட்க வாயெடுத்தேன். எனக்கு என்றுதான் சொல்லியிருக்கிறாள் என்பது அதற்குள் உறைத்தது.

"தயாளன்னு பேரு. புத்தூர் ஸ்டேசன்ல புக்கிங் கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆனவர். பக்கத்துல தான் கீறார். அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். இப்போ ஒன்னு சொல்லு. பென்சன நிறுத்தச் சொல்லி எழுதிக் குடுக்க உன் ஆபீசுக்கு வந்தேன். கவுண்டர்ல ஒரு பொண்ணு கம்ப்யூட்டரப் பாத்துட்டு, நிறுத்த முடியாதும்மா, நேத்து தான நீங்க மறுமணம் பண்ணிக்கலன்னு எழுதிக் குடுத்துக் கீறீங்கன்றா."

"பேப்பரைப் பார்த்தியா?" என்றேன்.

"பேப்பரக் காட்டச் சொன்னேன். என் கையெழுத்து தான். தேதி நேத்து தேதி. வியாழக்கிழமை தாலி கட்டிக்கினு, செவ்வாய்க்கிழமை கல்யாணமே ஆவலன்னு சொல்லிக் கீறேன்."

"தயாளன் அதைப் பார்த்தாரா?"

"பக்கத்துல தான நின்னுக்கினு இருந்தார். பாத்துட்டு, 'அஞ்சு நாள்லயேவா கோமளா'ன்னார்."

பின்னாலிருந்து ஓர் ஆண் குரல், "சும்மா தான் கேட்டேன்" என்றது.

"நீங்க சும்மா இருங்க" என்று அந்தப் பக்கம் சொல்லிவிட்டு, கோமளா என்னிடம் திரும்பினாள். "அந்தப் பொண்ணு இன்னா சொல்றா தெரியுமா? ரெண்டுல ஒன்னு பொய்யாம். எது பொய்னு எழுதிக் குடுக்கணுமாம். இன்னா எழுதட்டும் அண்ணா? கல்யாணத்தப் பொய்னு எழுதட்டுமா?"

எந்தக் கேள்விக்கும் என்னிடம் ஒரு விதி எண் இருக்கும். இதற்கு ஒன்றைத் தேட வேண்டியிருந்தது. "சாயங்காலம் கூப்பிடறேன்" என்றேன்.

"கூப்பிடு. சர்ட்டிபிகேட் பொய்யின்னா, பொய் சொன்னது நான்னு தான ஆவும்? கையெழுத்து என்னுது. அத மட்டும் நல்லா யோசிச்சிக்கினு கூப்பிடு."

5

நான் அவளைக் கூப்பிடுவதற்கு முன்னால் முனிரத்தினம் என்னைக் கூப்பிட்டார்.

"சார், நா இன்னா சார் பண்றது? வருசா வருசம் போடறத போட்டேன். உங்க தங்கச்சிக்குக் கல்யாணம்னு எனக்கு யார் சொன்னாங்க?"

"எனக்கே யாரும் சொல்லவில்லை முனிரத்தினம்."

"நா ரிட்டயர் ஆவ ஆறு மாசம் கீது சார். இப்போ மெமோ வந்தா என் பென்சன் பேப்பர் அப்படியே நிக்கும். நீங்களே நிறுத்தி வெச்சிக் கீறீங்க, இதே மாதிரி கேஸ்ல."

உண்மை. நான் நிறுத்திவைத்திருக்கிறேன்.

முனிரத்தினம் குரலைத் தாழ்த்தினார். "ஒரு வழி கீது சார். பைல் என்கிட்ட தான் கீது. அந்த ஒரு பேப்பர எடுத்துட்டு, கம்ப்யூட்டர்ல தப்பா ஏத்திட்டோம்னு ஒரு குறிப்பு போட்டா முடிஞ்சிச்சு. தங்கச்சி குடுக்கற லெட்டர அப்புறம் வாங்கிக்கலாம். யாரும் ஒன்னும் பண்ணாத மாதிரி ஆயிடும்."

ஆசையாகத்தான் இருந்தது. அந்தக் குறிப்பை எப்படி எழுத வேண்டும் என்றுகூட என் மனம் வாக்கியம் அமைக்க ஆரம்பித்துவிட்டது. ஆனால் அந்தக் கவுண்டர்ப் பெண் தாளைப் பார்த்துவிட்டாள். கோமளாவும் பார்த்துவிட்டாள். எல்லாரையும்விட, ஐந்து நாள் வயதான ஒரு கணவர் பார்த்துவிட்டார். காணாமல் போன தாள் கோப்பில் இருக்கும் தாளைவிட அதிகமாகப் பேசும் என்பது என் தொழில் அனுபவம்.

"நானே பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் எதையும் தொடாதீர்கள்" என்றேன்.

அவர் நம்பவில்லை. "சரி சார்" என்று சொன்ன விதத்திலேயே தெரிந்தது. நானும் என் மேலதிகாரிகளிடம் அப்படித்தான் சொல்வேன்.

6

சாயங்காலம் வரை உட்கார்ந்து ஒரு கடிதம் தயாரித்தேன். நல்ல கடிதம். சொல்லிக்கொள்வதற்கு வெட்கமில்லை, என் வாழ்நாளில் எழுதியவற்றில் முதல் ஐந்துக்குள் வரும். இன்அட்வர்டன்ட்லி, அன்டேட்டட், அன்ஃபோர்சீன், மிஸ்கம்யூனிகேஷன், நான்-வெரிபிகேஷன் என்று ஐந்தையும் ஒரே வாக்கியத்தில் உட்காரவைத்திருந்தேன். கவனக்குறைவாக, தேதியிடப்படாத ஒரு படிவம், எதிர்பாராத சூழலில், தகவல் பிசகியதால், சரிபார்க்கப்படாமல் சமர்ப்பிக்கப்பட நேர்ந்துவிட்டது. யார் மேலும் குற்றமில்லை. படிவம் தானாக நடந்துபோய்க் கோப்பில் படுத்துக்கொண்டது போல இருந்தது.

கோமளாவுக்குப் படித்துக்காட்டினேன். பி.எஸ்சி. படித்தவள், பொறுமையாகக் கேட்டாள்.

"நல்லா கீது. இதுல நீ எங்க கீறே?"

"அரசுக் கடிதத்துல ஆள் இருக்கக் கூடாதும்மா. சம்பவம் மட்டும்தான் இருக்கணும்."

"அப்போ என் கையில பேனாவக் குடுத்தது யாரு? காத்தா?"

நான் ஏதோ விதியைச் சொல்ல ஆரம்பித்தேன். அவள் விடவில்லை.

"அன்னைக்கு நாலு பேப்பரயும் வரிசையா வெச்சே. நா உன்ன ஒன்னு கேட்டேன். ஞாபகம் கீதா?"

"இல்லை."

"'நாலு வருசத்துக்குமா அண்ணா'ன்னு கேட்டேன். நீ பேப்பர்ல இருந்து தலய தூக்கவே இல்ல. 'அப்புறம் இன்னா, நீ எங்க போவப்போறே'ன்னே."

அவள் சொன்ன பிறகு நினைவு வந்தது. சாப்பாட்டு மேசை, என் பெட்டி பாதி கட்டியபடி, அவள் பேனாவை மூடாமல் வைத்துக்கொண்டிருந்தது. கேள்வி என்று அதை நான் எடுத்துக்கொள்ளவில்லை. கவுண்டரில் எத்தனையோ பேர் எதையாவது கேட்டுக்கொண்டே கையெழுத்துப் போடுவார்கள்.

"அப்போவே இவரைத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாது. போன வருசம் தான். எனக்கு வலது மணிக்கட்டு பிசகிச்சே, புத்தூர்க் கட்டு போடப் போனேன்ல. அங்க பெஞ்சுல இவர் இடது கையக் கட்டிக்கினு உக்காந்துக்கினு இருந்தார். டீ வந்துச்சு. எனக்குச் சோத்துக் கை போச்சு, அவருக்குப் பீச்சக் கை போச்சு. பிஸ்கட் பாக்கெட்ட நா ஒரு பக்கம் புடிச்சேன், அவர் ஒரு பக்கம் இழுத்தார். அப்படித்தான் பிரிச்சோம்."

"அதற்குக் கல்யாணமா?"

"அப்புறம் நாலு தடவ கட்டு மாத்தப் போனோம் அண்ணா. அவர் நாளைப் பாத்துக்கினு நா போவேன். கை சரியான பொறவும் ஒரு தடவ போனேன். வைத்தியர் தொரத்திட்டார்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். பிறகு அவளே நிறுத்திக்கொண்டாள்.

"ஏன் என்னிடம் முன்னாடியே சொல்லவில்லை?"

"வருசா வருசம் எனக்குக் கல்யாணம் ஆவலன்னு எழுதிக்கினு வந்தவன் நீ. உன்கிட்ட வந்து ஆவப்போவுதுன்னா, மூனு காப்பி குடுன்னு கேப்பே. எம் பொண்ணு கேட்டதும் அழுதுட்டு சரின்னா. உன்கிட்ட சொல்லத்தான் பயமா இருந்துச்சு. இவர் அதுக்கப்புறம் ஒன்னும் கேக்கல அண்ணா. அதான் எனக்கு ஆவல. நா பொய் எழுதிக் குடுத்துட்டுக் கல்யாணம் பண்ணிக்கினவன்னு அந்த ஆபீஸ் பேப்பர் சொல்லுது. அத நீ மாத்து. இல்லன்னா நீ எனக்கு ஒன்னும் எழுதவே வேணாம்."

ஐந்து துண்டுகளையும் தூக்கிக் குப்பையில் போட்டேன். எந்த மூடி என்று பார்க்கவில்லை. புதிதாக எழுதியது இவ்வளவுதான்: என் தங்கை கோமளாவின் கையெழுத்தை நான்கு வெற்றுப் படிவங்களில் வாங்கியவன் நான். வருடத்துக்கு ஒன்றாக நிரப்பிச் சேர்க்கச் சொன்னவனும் நான். அவளுக்கு என்ன விருப்பம் என்று அவளைக் கேட்கவில்லை. அவளுக்குப் போன வியாழக்கிழமை கல்யாணம் நடந்தது உண்மை. செவ்வாய்க்கிழமைச் சான்று பொய். அந்தப் பொய் என்னுடையது.

ஆங்கிலத்தில்தான் எழுதினேன். இனியா வட்டம் போட அதில் ஒரு சொல்கூட இல்லை.

7

கையெழுத்துக்குச் சாட்சி வேண்டும். நம் தூதரகத்தில் நேரம் கிடைக்க இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். அதுவரை உள்ளூர்ச் சாட்சி போட்ட நகலை அனுப்புங்கள் என்று கருவூல அலுவலர் மின்னஞ்சலில் ஒப்புக்கொண்டார். இந்த ஊரில் அதற்கு நூலகத்தில் ஒரு மேசை உண்டு. குழந்தைகள் புத்தக அலமாரிக்குப் பக்கத்தில், வாரத்தில் இரண்டு நாள், அரசு அனுமதி பெற்ற பொதுமக்களில் ஒருவர் உட்கார்ந்து சும்மாவே சான்றளிக்கிறார். நான் போன நாளில் வெள்ளை முடி வைத்த ஒரு பெண்மணி இருந்தார்.

தாளை நீட்டினேன். அவர் அதைப் படிக்க ஆரம்பித்தார்.

நான் கொஞ்சம் திடுக்கிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். நான் சான்றளித்த காலத்தில் தாளின் அடியைத் தவிர வேறு எதையும் பார்த்ததில்லை. நாற்பது தாளை அடுக்கி வைத்தால் பேசிக்கொண்டே போட்டுவிடுவேன். இவர் முதல் வரியிலிருந்து கடைசி வரை போனார், திரும்ப நடுவுக்கு வந்தார்.

"இதில் எழுதியிருப்பது உண்மையா?" என்று கேட்டார்.

என் வேலைக் காலம் முழுக்க என்னிடம் முத்திரை இருக்கிறதா, நகல் இருக்கிறதா, இணைப்பு இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்கள். நானும் கேட்டிருக்கிறேன். இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை.

"உண்மை" என்றேன்.

"உங்கள் தங்கை கோபமாக இருக்கிறாரா?"

"படிவத்தில் அந்தக் கேள்வி இல்லையே."

"இல்லை. நான் கேட்கிறேன்."

"இருக்கிறாள்."

"அப்படியென்றால் தேதியைத் தெளிவாகப் போடுங்கள்" என்று பேனாவைக் கொடுத்தார்.

8

இரண்டு நாளில் கருவூல அலுவலர் கூப்பிட்டார். சின்ன வயதுப் பெண். என்னோடு வேலை பார்த்ததில்லை, ஆனால் என் பெயரைக் கேட்டிருக்கிறார். அங்கே நான் எழுதி வைத்துவிட்டு வந்த நடைமுறைக் குறிப்புகளை இன்னும் நகலெடுத்துப் புதியவர்களுக்குக் கொடுக்கிறார்களாம். தெலுங்கில் ஆரம்பித்தார். "சார், மீரு கூடானா?" நீங்களுமா என்று. அந்த இரண்டு சொல்லுக்கு மேல் அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

கோமளா பொய் சொல்லவில்லை என்று கோப்பில் குறித்தார்கள். செவ்வாய்க்கிழமைத் தாளையும், மீதமிருந்த இன்னொன்றையும் ரத்து செய்து, என் கடிதத்தை மேலே வைத்துத் தைத்தார்கள். இனி அங்கே சேரும் ஒவ்வொரு எழுத்தரும் என் குறிப்புகளோடு அதையும் படிப்பார். முனிரத்தினத்துக்கு எச்சரிக்கைக் கடிதத்தோடு போயிற்று, ஓய்வூதியத்துக்கு ஆபத்தில்லை. ஆனாலும் கூப்பிட்டார். "முப்பது வருசத்துல மொத மெமோ சார். உங்க தங்கச்சி கல்யாணத்துக்கு நா வெச்ச மொய்யின்னு நெனச்சிக்கோங்க" என்றார்.

அடுத்த வாரம் கோமளா ஒரு படம் அனுப்பினாள். கருவூலத்தின் உத்தரவு, மூன்றே வரி. மேற்படி திருமதி கோமளா மறுமணம் செய்துகொண்டபடியால் அவருடைய குடும்ப ஓய்வூதியம் டிஸ்கன்டின்யூ செய்யப்படுகிறது. இப்படிப்பட்ட உத்தரவுகளில் நான் எத்தனையோ கையெழுத்துப் போட்டிருக்கிறேன். காரணம் எழுதும் இடத்தில் எப்போதும் மரணம் என்றுதான் இருக்கும். மறுமணம் என்று எழுதி ஒன்றில்கூடக் கையெழுத்துப் போட்டதாக நினைவில்லை.

கூப்பிட்டேன். "படிச்சியா? நல்லா எழுதிக் கீறாங்கல்ல?" என்றாள். அவளே ஒரு முறை எனக்கு உரக்கப் படித்தாள். பக்கத்திலிருந்து தயாளன், "தேதியும் படி" என்றார், படித்தாள். பிறகு போனை வாங்கி, "சார்" என்று ஆரம்பித்தார். சார் வேண்டாம் என்றேன். "மச்சான்" என்றார். என்னைவிட மூன்று வயது சின்னவரை மாப்பிள்ளை என்று கூப்பிட எனக்கும் கொஞ்சம் நேரம் பிடித்தது.

கல்யாணத்துக்கு அவர்கள் பத்திரிகை அடிக்கவில்லை. கோவிலில் பத்துப் பேர், அதோடு சரி. சொந்தக்காரர்களுக்கு யார், எப்படிச் சொல்வது என்று இருவருக்கும் தயக்கம். முத்திரையோடு அச்சில் வந்திருப்பது இந்த உத்தரவு ஒன்றுதான். "இதையே குரூப்பில் போட்டுவிடட்டுமா?" என்று கோமளாவைக் கேட்டேன். இந்தத் தடவை கேட்டேன். "போடு" என்றாள்.

குடும்ப வாட்ஸாப்பில் போட்டேன். மேலே ஒரு வரி: கோமளாவுக்குக் கல்யாணம், உத்தரவு இணைப்பில்.

ஒரு மணி நேரத்தில் ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டார்கள் என்பது மட்டும் தெரிந்தது. எதையும் முதலில் சரிபார்க்கும் என் மாதிரி ஆட்கள் எங்கள் குடும்பத்தில் நிறைய. கடைசியில் கார்வேட்டிநகரத்திலிருந்து பெரியப்பா மகன் சேகர் ஆரம்பித்தான்.

"ஆர்டர் நம்பர் கீது, சீல் கீது, ஆபீசர் கையெழுத்து கீது. சாப்பாடு எங்கன்னு காணோமே?"

அதன் பிறகு வரிசையாக வந்தன, வாழ்த்தும் கேலியும். சித்தி ஒருத்தி மாப்பிள்ளை படம் கேட்டாள். யாரோ ரயில் டிக்கெட் இனி சுலபமாகக் கிடைக்குமா என்று கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் கீழே கோமளா சேகருக்குப் பதில் எழுதினாள்.

"எங்க வூட்ல தான். அடுத்த மாசம் எங்க அண்ணன் வர்றார், அன்னைக்குப் போடறோம். எல்லாரும் வந்துடுங்க."

நான் வருவதாக யாரிடமும் சொல்லவில்லை. அவளும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மகனைக் கூப்பிட்டு, அடுத்த மாதம் சென்னைக்கு டிக்கெட் பார்க்கச் சொன்னேன்.